அய்யாவுக்குக் கீழே மூன்றாம் வரி

ஒரகடம் கூட்டுரோட்டில், டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் ‘விரல்நுனி டெக்னாலஜீஸ்’ என்றொரு கம்பெனி நடக்கிறது. அங்கே வேலை பார்த்த அந்தோணிமேரியிடம் உங்கள் போனைக் கொடுத்தால், அவள் உங்கள் போட்டோக்களைப் பார்க்க மாட்டாள். யாருக்கு என்ன அனுப்பினீர்கள் என்று தோண்ட மாட்டாள். ஸ்கிரீனில் எழுத்து எத்தனை வரியில் விழுகிறது என்று எண்ணுவாள். எண்ணிவிட்டு, ஒரு நோட்டில் ‘மூன்று வரி’ என்று குறித்துக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து கம்பெனிகளுக்குப் போகும் ஷேர் ஆட்டோக்களில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்கள் அவள் ஏறியதும் போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள்.

வரி எண்ணுவதற்கெல்லாம் சம்பளமா என்று கேட்காதீர்கள். இந்த வட்டாரத்தில் நட்டு இறுக்க ஒரு ஆள், இறுக்கிய நட்டின் மேல் பெயின்டால் கோடு போட ஒரு ஆள், கோடு போட்டாயிற்றா என்று பார்க்க ஒரு ஆள் என்று ஒரே நட்டை நம்பி மூன்று குடும்பம் சாப்பிடுகிறது. வரி எண்ண ஒருத்தி இருந்தால் யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

அந்தோணிமேரிக்கு முப்பத்தாறு வயது. பன்னிரண்டாவது வரை படிப்பு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு போன் தயாரிக்கும் கம்பெனியில் ஏழு வருடம் ஸ்கிரீன் பார்க்கும் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். கையில் வரும் ஒவ்வொரு போனும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி எரியும். எங்காவது ஒரு புள்ளி எரியாமல் இருந்தால் அந்தப் போனை ஓரம் வைக்க வேண்டும். அந்த லைனை மூடியபோது அவளுக்கு மிஞ்சியது அந்தக் கண்தான். புருஷோத்தமன் தன் விரல்நுனி கம்பெனிக்கு ஆள் தேடியபோது, இன்டர்வியூவுக்குப் போனவள் மேஜைமேல் இருந்த அவர் போனைப் பார்த்து, “சார், உங்க ஸ்கிரீன்ல மேல மூலைல ஒரு புள்ளி செத்துக் கீது” என்றாள். இரண்டு வருடமாக அந்தப் போனையே தடவிக்கொண்டிருந்த மனிதருக்கு அன்றுதான் அது கண்ணில் பட்டது. பட்ட பிறகு வேறெதுவும் கண்ணில் படவில்லை. போனை மாற்றினார், அவளையும் வேலையில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கம்பெனிக்குக் கிடைத்த பெரிய வேலை, வஜ்ரதாரா கியர்ஸ் தொழிற்சாலைக்கு ஒரு ஆப் செய்து தருவது. ஆப்பின் பெயர் ‘நம் குடும்பம்’. வேலை செய்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒப்பந்தத்தில் இருக்கிறவர்கள். குடும்பத்துக்கு யாராவது ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பார்களா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

அந்தோணிமேரியின் தங்கை மெர்சி அந்தக் குடும்பத்தில்தான் நாலு வருடமாக இருந்தாள். கியர் டப்பாக்களை மூடும் லைன். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவளை நிறுத்திவிடுவார்கள். பத்து நாள் கழித்து, முன்பின் பார்த்தே இராதவள்போல மறுபடி சேர்த்துக்கொண்டு, ஒரு ரோஜாப்பூவும் கொடுத்து ‘நல்வரவு’ பயிற்சி நடத்துவார்கள். தீப்பிடித்தால் எந்த வாசல் வழியாக ஓட வேண்டும் என்று மெர்சிக்கு நாலு முறை சொல்லிக்கொடுத்தாயிற்று. அவளுடைய அடையாள அட்டை ஆரஞ்சு நாடாவில் தொங்கியது. நிரந்தரக்காரர்களுக்கு நீல நாடா. மெர்சிக்கு இருபத்தேழு வயது. உலகத்தில் அவள் ஆசைப்பட்டது அந்த நீல நாடா ஒன்றுக்குத்தான். அப்பா இறந்தபின் சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரே வீட்டில் இருந்த அக்காவுக்கும் அதே ஆசைதான்.

ஆப்பின் அமைப்பு எளிமையானது. திறந்ததும் ஒரு கட்டம். கட்டத்தில் அன்றைய அறிவிப்பின் முதல் இரண்டு வரி. அறிவிப்பு அதைத் தாண்டினால் கீழே ‘மேலும்’ என்று ஒரு நீலப் பொத்தான். தாண்டாவிட்டால் பொத்தான் வேண்டியதில்லை. ஆகவே, அறிவிப்பு இரண்டு வரிக்குள் அடங்குகிறதா என்று ஆப்புக்குத் தெரிய வேண்டும். இங்கேதான் சிக்கல். ஒரு போனில் இரண்டு வரியில் அடங்குவது இன்னொரு போனில் ஐந்து வரி ஆகும். ஸ்கிரீனின் அகலம் வேறு, எழுத்தின் அளவு வேறு. கம்பெனி பஸ்சில் ஆடிக்கொண்டே படிப்பவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். ‘ணை’ உட்காரும் இடத்தில் ‘ர’ இரண்டு உட்காரும். எழுத்துகளைத் தலை எண்ணி வரியைச் சொல்ல முடியாது. எழுத்தை ஸ்கிரீனில் போட்டுவிட்டு, இத்தனை வரி ஆயிற்றா என்று அந்தப் போனையே கேட்க வேண்டும். கேட்டால் அது ஒளிக்காமல் சொல்லிவிடும்.

புரோகிராம் எழுதிய ஹேமந்த் கேட்கவில்லை. கெட்ட பையன் இல்லை, அவசரக்காரன். முன்பு ஒரு இங்கிலீஷ் ஆப்புக்குச் செய்ததை எடுத்து, தொண்ணூறு எழுத்து வரை இரண்டு வரி, அதற்கு மேல் போனால் பொத்தான் என்று ஒரு கணக்கை வைத்து முடித்துவிட்டான்.

அதுகூடப் பரவாயில்லை. தொழிற்சாலையின் மனிதவள அதிகாரி தசரதன் இரண்டு உத்தரவு போட்டார். அறிவிப்புகளை அவரே எழுதுவார். தன் தமிழ்மேல் அவருக்கு அபார நம்பிக்கை. முதல் உத்தரவு, எந்த அறிவிப்பும் தொண்ணூறு எழுத்தைத் தாண்டாது. “என் எழுத்துக்குக் கீழே ‘மேலும்’ என்று ஒரு பொத்தானா? முழுசாகச் சொல்லத் தெரியாதவன் என்று ஆகிவிடாதா?” என்றார். இரண்டாவது உத்தரவு, ஒவ்வொரு அறிவிப்பின் தலையிலும் ஆப் தானாகவே இந்த வாசகத்தை ஒட்ட வேண்டும்: ‘தொழிலாளர் குலவிளக்கு, கருணைக்கடல், நம் பாசமிகு சேர்மன் அய்யா அவர்களின் நல்லாசியுடன்.’

“சார், இதையும் சேர்த்தா தொண்ணூறு தாண்டிடுமே?” என்றான் ஹேமந்த்.

“அய்யாவை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள் தம்பி. அவர் எண்ணிக்கைக்கு அப்பாற்பட்டவர்.”

ஹேமந்த் சேர்க்கவில்லை. அறிவிப்பின் எழுத்துகளை மட்டும் எண்ணினான். எண்ணி முடித்த பிறகு அய்யாவைக் கொண்டுவந்து மேலே ஒட்டினான்.

ஆப்பை வெளியிடுவதற்கு இரண்டு நாள் முன்பே அந்தோணிமேரி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். அவளிடம் பதினோரு பழைய போன்கள் உண்டு. எல்லாவற்றிலும் எழுத்தைப் பெரிதாக்கி வைத்து, ‘நாளை கேன்டீன் விடுமுறை, சாப்பாடு கொண்டு வரவும்’ என்று ஒரு அறிவிப்பை அனுப்பிப் பார்த்தாள். ஏழு போன்களில் குலவிளக்கும் கருணைக்கடலும் இரண்டு வரியையும் அடைத்துக்கொண்டு நின்றன. சாப்பாடு மூன்றாவது வரிக்குப் போய்விட்டது. மூன்றாவது வரி கட்டத்துக்குள் கிடையாது. பொத்தானும் வரவில்லை.

“ஹேமந்த், இதுல அய்யா மட்டும்தான் தெரியறாரு. கீழ இன்னா கீதுன்னே தெரில.”

“என் போன்ல தெரியுதேக்கா.” அவன் போன் புத்தகம்போல விரிகிற போன்.

“உன் போனு தலகாணி சைசுல கீது. லைன்ல நிக்கிறவங்க கைல இதா கீது?”

ஹேமந்த் பார்த்தான். முகம் சிறுத்துவிட்டது. “ஸ்கிரீன்ல போட்டப்புறம் எத்தனை வரின்னு அளந்து பார்க்கணும்க்கா. நான் அளக்கல. மாத்தணும்னா மூணு நாள் ஆவும்.”

மூன்று நாள் இல்லை. ஆப்பை வெளியிடும் தேதி சேர்மனின் பிறந்தநாள். புருஷோத்தமன் இருவரையும் கூட்டிக்கொண்டு தசரதனிடம் போனார். மேலே ஒட்டும் வாசகத்தைக் கொஞ்சம் சுருக்கினால் ஒரே நாளில் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று கைகட்டி நின்று சொன்னார்.

“எதைச் சுருக்கச் சொல்கிறீர்கள்?”

“கருணைக்கடல்னு இருக்குல்ல சார், அதை…”

“கடலை எப்படிச் சுருக்குவது?”

எழுத்தையாவது சின்னதாக்கலாமே என்றாள் அந்தோணிமேரி. அய்யாவைச் சின்னதாக்குவதா என்று தசரதன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அப்படியானால் அறிவிப்பை மேலே போட்டு அய்யாவை அடியில் போடலாம் என்றான் ஹேமந்த். தசரதன் அறைக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, யாரும் கேட்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் உட்கார்ந்தார்.

திரும்பி வரும் வழியில் புருஷோத்தமன் காரை நிறுத்தி ஒரு தாளை நீட்டினார். ‘எல்லா வகைப் போன்களிலும் அறிவிப்புகள் முழுமையாகத் தெரிகின்றன’ என்று அடித்திருந்தது. கீழே சோதித்தவர் கையெழுத்துக்கு இடம்.

“போட்டுரும்மா. ஒரு வாரத்துல சரி பண்ணிடலாம். இந்த ஆர்டர் போச்சுன்னா டயர் கடைக்காரன் மாடியைக் காலி பண்ணச் சொல்லுவான்.”

பதினோரு போன்களின் கணக்கு அவள் நோட்டில் இருந்தது. ஏழு வருடமாக ஒரு செத்த புள்ளியைக்கூட விடாதவள் அவள். ஆனால் டிகிரி இல்லாமல், முப்பத்தாறு வயதில், ஏசி அறையில் உட்கார்ந்து செய்கிற வேலை இன்னொரு இடத்தில் கிடைக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். பயந்துவிட்டாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

பிறந்தநாளன்று ஆப் தடபுடலாக வெளியானது. தொழிற்சாலை வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையை, இனி தேவையில்லை என்று கழற்றி எடுத்து, அதன் கண்ணாடிச் சட்டத்தில் சேர்மனின் படத்தை மாட்டினார்கள். அன்றிலிருந்து தினமும் ஒரு அறிவிப்பு வந்தது.

ஒரு புகார்கூட வரவில்லை. யாராவது கத்தியிருந்தால் அந்தோணிமேரிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எவரும் கத்தவில்லை. தினமும் காலையில் போனைத் திறந்தால் குலவிளக்கு, கருணைக்கடல், நல்லாசி. அவ்வளவுதான் அறிவிப்பு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. போஸ்டர், மேடை, மைக் என்று எங்கே பார்த்தாலும் வெறும் பட்டத்தையே முழுச் செய்தியாகப் படித்துப் பழகியவர்கள், போனில் மட்டும் சந்தேகப்படுவார்களா? கேன்டீன் மூடிய நாளில் முந்நூறு பேர் தட்டோடு போய் நின்றார்கள். பென்னலூர் பஸ் பதினைந்து நிமிடம் முன்னதாக வரும் என்று அறிவித்த வாரத்தில், பென்னலூர்க்காரர்கள் நாற்பது பேர் தினமும் பஸ்சின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். தொழிலாளிகளுக்குப் படிக்கும் பழக்கமே இல்லை என்று தசரதன் வருத்தப்பட்டார்.

“ஆப்பு எப்பிடிடீ கீது?” என்று ஒருநாள் அந்தோணிமேரி தங்கையைக் கேட்டாள்.

“நல்லாத்தான்க்கா கீது. தெனம் காலைல அய்யா வாழ்த்து அனுப்பறாரு. வேற ஒண்ணும் இல்ல.”

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தைத் தொடுடி, உள்ளே இருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கட்டத்தைத் தொட்டாலே முழு அறிவிப்பும் திறக்கும். சொன்னால், தெரிந்தும் ஏன் இப்படியே விட்டாய் என்று கேட்பாள். அதற்குப் பதிலாகக் கையெழுத்தைக் காட்ட வேண்டிவரும். அந்தோணிமேரி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். புருஷோத்தமனிடம் வாராவாரம் நினைவுபடுத்தினாள். அவர் ஹேமந்தை ஒரு கல்யாண மண்டபத்தின் ஆப்பில் உட்கார வைத்திருந்தார்.

மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு, புருஷோத்தமன் பல்லெல்லாம் தெரிய அறைக்குள் வந்தார்.

“தசரதன் சார் ரொம்ப குஷியா இருக்காரு. நம்ம ஆப்பாலே பெரிய தலைவலி தீர்ந்துச்சாம்.”

விஷயம் இதுதான். மொத்தம் மூன்று வருடம் முடித்த ஒப்பந்தத் தொழிலாளிகளை நிரந்தரமாக்க, விருப்பம் கேட்க வேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு வந்திருந்தது. புதன்கிழமை சாயங்காலம் ஆப்பில் அறிவிப்புப் போட்டார்கள். நிரந்தரம் ஆக விரும்புகிறவர்கள் வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் உள்ளே இருக்கும் ‘விருப்பம்’ பொத்தானை அழுத்த வேண்டும். தகுதி உள்ளவர்கள் இருநூற்றுப் பதினாலு பேர். இதுவரை அழுத்தியவர்கள் ஒன்பது பேர்.

“மத்தவங்கள்லாம் ஒப்பந்தத்துலயே சந்தோஷமா இருக்காங்கன்னு அய்யாவுக்கு ரிப்போர்ட் ரெடி பண்ணிக்கினு கீறாரு” என்றார் புருஷோத்தமன்.

இருநூற்றுப் பதினாலில் ஒருத்தி மெர்சி. காலை நாலே முக்காலுக்கு வழக்கம்போலத் தலைசீவிக்கொண்டு கிளம்பியவள். நிரந்தரத்தைப் பற்றி ஒரு மூச்சு விடவில்லை. தெரிந்திருந்தால் அந்த வீடே தூங்கியிருக்காது.

“சார், அவங்க யாரும் படிக்கவே இல்ல சார். அய்யாதான் மறைச்சிக்கினு நிக்கிறாரு. இப்பவே போன் பண்ணிச் சொல்லுங்க.”

“இன்னான்னு சொல்றது? நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்த தாள் அவருகிட்ட கீது. பொய்யின்னு சொல்லவா?”

அந்தோணிமேரி பையை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். இறங்கும்போதே ஹேமந்திடம், “அந்த அளக்குற வேலையை இப்ப உக்காந்து முடி. உனக்குப் புண்ணியமாப் போவும்” என்றாள். அவன் கல்யாண மண்டபத்தை மூடி வைத்தான்.

காலை ஷிப்ட் இரண்டரைக்கு விடும். அவள் போய்ச் சேர்ந்தபோது வாசலுக்கு வெளியே கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. சங்கு ஊதியதும் பெட்டியில் ஒப்படைத்த போன்களை வாங்கிக்கொண்டு ஜனம் வெளியே வந்தது. அந்தோணிமேரி முதல் பஸ்சில் ஏறினாள். கண்டக்டர்போல நடுவில் நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தினாள்.

“ஆரஞ்சு நாடாக்காரங்க எல்லாரும் ஆப்பைத் தொறங்க! அய்யா பேரு வருதுல்ல, அந்தப் பேரு மேலயே விரலை வெச்சி அழுத்துங்க!”

“இன்னாத்துக்குக்கா? அய்யாவுக்கு ஓட்டா?” என்றான் ஒருவன். பஸ் முழுக்கச் சிரிப்பு.

“அழுத்திப் பாரு, அப்புறம் சிரி.”

அழுத்தினான். சிரிப்பு அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்தான். பிறகு அவள் கத்த வேண்டியிருக்கவில்லை. ஒருவரை ஒருவர் போனில் கூப்பிட்டார்கள், ஜன்னல் வழியாக அடுத்த பஸ்சுக்குக் குரல் கொடுத்தார்கள். மறைமலை நகர் பஸ்சில் ஒரு பெண் சத்தமாகவே அழுதாள். அன்று மதியம் கருணைக்கடலின் மேல் விழுந்த விரல்களுக்கு அளவில்லை.

பஸ் பஸ்சாக ஏறி இறங்கிய அந்தோணிமேரியின் கண் மெர்சியைத் தேடிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவளோடு லைனில் நிற்கும் நிலா என்ற பெண் அகப்பட்டாள்.

“மெர்சி அக்காவா? ஓவர்டைம் போட்டுட்டாங்களே. ஆறரைக்குத்தான் வுடுவாங்க.”

போன் பெட்டியில். மெர்சி உள்ளே. மணி மூன்று. அந்தோணிமேரி செக்யூரிட்டி பரசுராமனிடம் ஓடினாள்.

“அண்ணே, உள்ள என் தங்கச்சிக்கு ஒரு சேதி சொல்லணும். ஒரே நிமிஷம்.”

பரசுராமன் ஒரு நோட்டைப் பிரித்தார். “சாவா?”

“இல்லண்ணே.”

“பிரசவமா?”

“இல்ல. ஆப்புல ஒரு பொத்தானு…”

“ரெண்டுக்கும்தான்மா உள்ள சேதி போவும். ஆர்டரு அப்படி.”

அப்பா செத்துவிட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மெர்சியைக் கூப்பிட்டுவிடுவார்கள். நாக்கு நுனி வரை வந்தது. இறந்து ஆறு வருடம் ஆன மனிதரை இன்னொரு முறை சாகடிக்க அவளுக்கு மனசு வரவில்லை. காரில் உட்கார்ந்து ஒரு பொய்யில் கையெழுத்துப் போட முடிந்ததே, இப்போது ஏன் முடியவில்லை என்று அவளுக்கே ஆத்திரமாக வந்தது. செக்யூரிட்டி அறையின் நிழலில் உட்கார்ந்து, பரசுராமனுக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தில் ஐந்து அடிப்பதைப் பார்த்தாள்.

ஐந்து மணிக்கு, அழுத்தியவர்களின் எண்ணிக்கை நூற்று அறுபத்து மூன்று. ஓவர்டைமில் இருந்தவர்கள், வார விடுமுறைக்காரர்கள், இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் என்று ஐம்பத்தொரு பேர் விட்டுப்போனார்கள். மூன்று நாள் ஆகும் என்று சொன்ன வேலையை ஹேமந்த் நாலு மணி நேரத்தில் முடித்து ஆறு மணிக்கு வெளியிட்டான்.

ஆறரைக்கு மெர்சி வந்தாள். போனை வாங்கித் திறந்தபடியே நடந்தவள் அக்காவைப் பார்த்துத் திகைத்தாள். “நீ இன்னாக்கா இங்க?” அதற்குள் ஆப்பில் ஒரு அறிவிப்பு வந்திருந்தது. இரண்டு வரி அய்யா. அதன் கீழே, முதன்முதலாக, ‘மேலும்’ என்று ஒரு நீலப் பொத்தான். மெர்சி அதை அழுத்தினாள். முழுச் செய்தியும் ஒரு எழுத்துக்கூட மறையாமல் திறந்தது.

‘ஒப்பந்தத்திலேயே தொடர விரும்பிய தங்கள் முடிவுக்கு நன்றி.’

“நான் எப்போக்கா விரும்பினேன்?” என்றாள் மெர்சி.

அந்தோணிமேரி எல்லாவற்றையும் சொன்னாள். பதினோரு போன், கடல், கார், கையெழுத்து. இருவரும் ஷேர் ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தார்கள். மெர்சி செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

“மூணு வாரம் என்னோட ஒரே வூட்டுல இருந்துக்கினு, தெனம் என் மூஞ்சியப் பாத்துக்கினு சும்மா இருந்திருக்கியே.”

“பயமா இருந்திச்சிடீ.”

“எனக்கும் இப்போ பயமாத்தான் கீது. பஸ்ஸு பஸ்ஸா ஏறிக் கத்துனியே, அது போதாது. நீ கையெழுத்துப் போட்டது பொய்யின்னு எழுதிக் குடு. மிச்சம் அம்பது பேரு இன்னா பண்ணுவாங்க?”

ஞாயிறு பூசைக்குப் போனபோது பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாமா என்று அந்தோணிமேரி நினைத்தாள். செய்தால் சாமியார் மன்னித்துவிடுவார். ஆனால் சாமியாரால் நீல நாடா தர முடியாது. வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள்.

திங்கட்கிழமை அந்தத் தாளைத் தசரதன் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். ‘எல்லாப் போன்களிலும் தெரிகிறது என்று நான் கையெழுத்துப் போட்டது பொய். பதினோரு போன்களில் ஏழில் தெரியவில்லை. தெரிந்தே போட்டேன். ஐம்பத்தொரு பேர் விருப்பம் சொல்லாதது, அறிவிப்பு அவர்கள் கண்ணில் படாததால். – அந்தோணிமேரி.’ நோட்டிலிருந்து கிழித்த கணக்கும் கூடவே குத்தியிருந்தது.

தசரதன் தாளை முன்னும் பின்னும் திருப்பினார். “அய்யாவின் பார்வைக்குப் போக வேண்டிய கடிதம். மேலே அய்யாவைக் காணோமே?”

“அய்யாவப் போட்டா கீழ இருக்கறது தெரியாது சார். அதான் வுட்டுட்டேன்.”

தசரதன் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“இதே மாதிரி இன்னொரு தாளும் எழுதி வெச்சிக்கீறேன் சார். லேபர் ஆபீஸுக்கு. அந்த அம்பத்தோரு பேருக்கும் இன்னொரு வாய்ப்பு முடியாதுன்னு நீங்க சொன்னா, நாளைக்கிக் காலைல குடுத்துருவேன்.”

அன்று சாயங்காலமே புருஷோத்தமன் அவளை வேலையை விட்டு நிறுத்தினார். மனிதர் அழாத குறைதான். “உன்னை அனுப்புனாத்தான் ஆர்டரு நிக்கும்னு சொல்லிட்டாங்கம்மா.” பதினோரு போன்களையும் வரிசையாக மேஜைமேல் வைத்துவிட்டு அவள் இறங்கினாள். ஹேமந்த் கீழே ஆட்டோ வரைக்கும் வந்தான். அவளுடைய பையை தூக்கிக்கொண்டு வந்தான்.

புதன்கிழமை பிற்பகல் அந்தோணிமேரி துணி மடித்துக்கொண்டிருந்தபோது மெர்சி ஷிப்ட் முடிந்து உள்ளே ஓடி வந்தாள். போனை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். கட்டத்தில் இப்போது அய்யாவுக்குப் புதிதாக ஒரு பட்டம் சேர்ந்திருந்தது. குலவிளக்கு, கருணைக்கடல், அதற்கு அடுத்து ‘மன்னிப்பின் மறுவுருவம்’. இரண்டு வரிக்குள் அய்யாவே முழுசாக அடங்கவில்லை. கீழே நீலப் பொத்தான் இருந்தது. மெர்சி அதைத் தொட்டு, உள்ளே வந்ததைச் சத்தமாகப் படித்தாள்.

“செயலி நிறுவன ஊழியர் ஒருவரின் கவனக்குறைவைப் பெருந்தன்மையுடன் மன்னித்து, விடுபட்ட ஐம்பத்தொரு பேருக்கு அய்யா அவர்களே மறுவாய்ப்பு வழங்குகிறார்கள். இன்று மாலை ஐந்து மணி வரை.”

படித்து முடித்துவிட்டு மெர்சி மறுபடி மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“எழுதிக் குடுத்தது நீயி. வேலை போனது உனக்கு. உன் பேரு எங்கியுமே இல்லக்கா.”

“இருக்க வேணாம்” என்றாள் அந்தோணிமேரி. “மணி நாலாவுது. நீ அழுத்து.”

மெர்சி அழுத்தினாள்.